அகலக் கண்ணோடு பத்து காஜாவுக்கு

ஈப்போவுக்குப் போகாதவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். பொமலோ வாங்கப் போயிருப்பீர்கள், கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள், தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகனைத் தரிசிக்கப் போயிருப்பீர்கள். போன இடத்தில் கைத்தொலைபேசியை நீட்டி நூறு படம் எடுத்துத் திரும்பியும் இருப்பீர்கள். இந்தத் தடவை வேறு மாதிரி போகலாம், வாருங்கள். நம்மிடம் மொத்தம் இரண்டே பிலிம் சுருள்கள். சுருளுக்குப் பன்னிரண்டு படம். இருபத்து நான்கு படத்துக்குள் ஈப்போவிலிருந்து பத்து காஜா வரை பார்த்து முடிக்க வேண்டும்.

காமிராவை முதலில் அறிமுகப்படுத்தி விடுகிறேன். மாமியா சி330. 1969-ல் ஜப்பானில் வெளிவந்த வகை. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேலே உள்ளதன் வழியாக நாம் பார்க்கிறோம், கீழே உள்ளது படம் பிடிக்கிறது. தோட்டத்துக் கல்யாணங்களுக்கு வந்த ஸ்டூடியோக்காரர் கழுத்தில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, குனிந்து பார்த்து, "கொஞ்சம் சிரிங்க" என்பாரே, அதே ஜாதிதான். இதற்கு 120 பிலிம் வேண்டும். கோடாக் நிறுவனம் 1901-ல் கொண்டு வந்த அளவு இது. நூற்றாண்டு கடந்தும் இன்னும் தயாரிக்கிறார்கள். ஒரு படத்தின் அளவு 56 மில்லிமீட்டர் சதுரம். சாதாரண 35 மில்லிமீட்டர் பிலிமின் படம் 24-க்கு 36 தான். ஆக நம்முடையது பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல்.

இங்கே ஒரு குழப்பம் வரும். சாதாரணக் காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் அது அன்றாட லென்ஸ். நம் பெட்டியில் 55 மில்லிமீட்டர் போட்டால் அதுவே அகலப் பார்வை லென்ஸ், வைட் லென்ஸ். பிலிம் பெரிதாக இருப்பதால் அதே லென்ஸ் தரும் காட்சியில் கூடுதலான பகுதி அதில் விழுகிறது. இந்த வகையில் அன்றாட லென்ஸ் 80 மில்லிமீட்டர். இரட்டைக் கண் காமிராக்களில் லென்ஸைக் கழற்றி வேறு மாட்ட முடிந்தவை மிகக் குறைவு. மாமியா அந்தக் குறைவானவற்றில் ஒன்று. மேலும் கீழுமாக இரண்டு கண்களும் ஒரே பலகையில் சேர்ந்தே கழன்று வரும். என் தோள்பையில் 55, 80, 180 என்று மூன்று ஜோடிகள். பை கனம்தான். தோள் வலிக்கு நான் பொறுப்பல்ல, ஜப்பான்காரன்தான் பொறுப்பு!

ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்கியதும் 55-ஐ மாட்டத் தோன்றும். மாட்டாதீர்கள். ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1917-ல் முடிந்த கட்டடம் அது. வெள்ளைக் கும்மட்டங்களோடு எதிரே விரிந்த திடலைப் பார்த்து நிற்கிறது. பின்னால் நடந்து போக இடம் தாராளமாக இருக்கிறது. இடம் இருக்கும் இடத்தில் வைட் லென்ஸ் போட்டால் முன்னால் உள்ள தார்ச்சாலை பெரிதாகி, நிலையம் எங்கோ தீப்பெட்டி போலத் தெரியும். வைட் லென்ஸின் குணமே அதுதான். பக்கத்தில் உள்ளதைப் பெரிதாக்கி, தூரத்தில் உள்ளதை இன்னும் தூரத்துக்குத் தள்ளும். இடமில்லாத இடத்துக்கும், பக்கத்தில் காட்ட ஒரு பொருள் உள்ள இடத்துக்கும்தான் அது. 80-ஐ மாட்டி ஒரே படம் எடுத்துக்கொண்டு கிளம்பி விட்டேன்.

பத்து காஜா பக்கம் கெல்லி துரையின் கோட்டையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்காட்லாந்திலிருந்து 1890-ல் இருபது வயதில் வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பரில் பணம் பார்த்து, 1915-ல் இந்த மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் ஆளும் இந்தியாவிலிருந்து வந்தன. சென்னை மாகாணத்துத் தமிழர்கள்தாம் சுமந்தார்கள், அடுக்கினார்கள், பூசினார்கள். கோபுரத்துக்கு மின்தூக்கி வைக்க இடம் விட்டுக் கட்டினார்கள். மின்தூக்கி வரவே இல்லை. 1926-ல் துரை லிஸ்பனில் காலமானார். மாளிகை முடியாமலேயே நின்றுவிட்டது. பூசாத செங்கல் சுவர்களை இன்றும் காணலாம். அந்தச் செங்கல் வரிசைகளை நின்று பாருங்கள், அன்பர்களே. கை சுத்தமான வேலை. உங்கள் பாட்டனாருடைய கையாகவும் இருக்கலாம்.

இங்கேதான் 55-க்கு வேலை. உள்ளே நடைபாதைகள் குறுகல். ஒரு வளைவு, அதற்குள் இன்னொரு வளைவு, அதற்குள் வெளிச்சம். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் 80-ல் அரை வளைவுதான் விழும். 55-ல் முழு வளைவும், தரையும், கூரையில் ஒரு கீற்றும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

ஆனால் ஒரு நிபந்தனை. காமிரா மட்டமாக இருக்க வேண்டும். கொஞ்சம் அண்ணாந்தாலும் சுவர்கள் இரண்டும் உள்ளே சாய்ந்து, துரையின் மாளிகை இப்போதே விழப்போகிறதோ என்று தோன்றும். அன்றாட லென்ஸிலும் இந்தச் சாய்வு உண்டு. அகலத்தில் அதிகம் தெரியும். சரி, மட்டமாக வைத்தால் வெளியே கோபுரத்தின் உச்சி வெட்டுப்பட்டுப் போகுமே என்று கேட்பீர்கள். சதுரப் படத்தின் பயன் இங்கேதான். எதிர்ப்புறம் ஆற்றுப் பக்கம் போய், மட்டமாகப் பிடித்து, கோட்டையைச் சதுரத்தின் மேல் பாதியில் விழச் செய்யுங்கள். கீழ்ப் பாதி வெறும் புல்லாக இருக்கும். அச்சுப் போடும்போது புல்லை வெட்டி எறியுங்கள். பிலிம் பெரிது, பாதி போனாலும் மிச்சம் தாராளம். சுவர்கள் நேராக நிற்கும், உச்சியும் இருக்கும். தொழில் தெரிந்தவர்கள் இதற்கென்றே லென்ஸை மேலே நகர்த்தும் விலையுயர்ந்த காமிரா வைத்திருக்கிறார்கள். நமக்குக் கத்தரிக்கோல் போதும்.

வைட் லென்ஸ் விஷயத்தில் ஒரு சின்ன வரலாறு சொல்லாமல் நகர முடியவில்லை. ஸ்வீடன் நாட்டு ஹாசல்பிளாட் காமிரா பெயர் பெற்றது. அதில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆடும். அகலப் பார்வை லென்ஸ் இயல்பாகப் பிலிமுக்கு மிக அருகில் உட்கார வேண்டியது. கண்ணாடி குறுக்கே நிற்கிறதே, எப்படி உட்காரும்? இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். ஒன்று, லென்ஸின் முன்புறம் பெரிய குழிக் கண்ணாடிகளைச் சேர்த்து, தள்ளி உட்கார்ந்தாலும் அகலமாகப் பார்க்கும்படி செய்வது. முன்கண் சோற்றுத் தட்டு போலப் பெரிதாகிவிடும். இன்னொன்று, ஆடும் கண்ணாடியையே எடுத்துவிடுவது. 1954-ல் ஹாசல்பிளாட் அதைத்தான் செய்தது. லுட்விக் பெர்ட்டெலே என்பவர் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த 38 மில்லிமீட்டர் பயகான் லென்ஸை உடம்போடு சேர்த்து ஒரு தனிக் காமிராவாக வெளியிட்டார்கள். லென்ஸின் பின்கண் பிலிமைத் தொட்டுவிடும் போல நிற்கும். மூலைக்கு மூலை 90 பாகை பார்க்கும். கோடுகள் வளையாது. கண்ணாடி இல்லாததால் குறிபார்க்கத் தலைமேல் ஒரு குழல், அதோடு கொத்தனார் வைத்திருப்பது போல ஒரு ரசமட்டம். தூரத்தை நாமே கணக்கிட்டுத் திருப்பிக்கொள்ள வேண்டும். கட்டடம் பிடிப்பவர்கள் அதைக் கொண்டாடினார்கள். புதிய நூற்றாண்டு பிறந்த பிறகும் அந்த வரிசை தயாராகிக் கொண்டிருந்தது. 1969 ஜூலையில் சந்திரனில் இறங்கியவர்கள் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள் இருக்குமே. அதுவும் ஹாசல்பிளாட்தான், லென்ஸ் அதே பயகான் குடும்பத்து 60 மில்லிமீட்டர். சந்திரனில் பின்னால் நகர இடம் இருந்தது. ஆனாலும் அகலமாகத்தான் எடுத்து வந்தார்கள்!

கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில். வேலையாட்களிடையே நோய் பரவிப் பலர் இறந்தபோது, அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று அவர்கள் கேட்க, துரை ஒப்புக்கொண்டார் என்று சொல்கிறார்கள். கோயில் கூரையில் சாமி உருவங்களோடு துரையின் உருவமும் நிற்கிறது. தெய்வங்களோடு ஒரு வெள்ளைக்காரருக்கு இடம் கொடுத்த நம்மவர்களின் தாராளத்தை என்னவென்று சொல்வது! இங்கே 55-ஐப் பைக்குள் போட்டுவிடுங்கள். அதில் துரை எறும்பு அளவுக்குத்தான் விழுவார். 180-ஐ மாட்டி, சாலையோரம் நின்று, அவரை மட்டும் பிடியுங்கள். இரண்டு படம் செலவு, வருத்தமில்லை.

முதல் சுருள் இத்தோடு முடிந்தது. இரண்டாவது சுருளை வேறு ஒன்றுக்காக வைத்திருந்தேன். உண்மையில் இந்தப் பயணமே அதற்காகத்தான்.

பத்து காஜாவிலிருந்து உள்ளே போகும் சாலை ஒன்றில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அது போலப் பல இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டப் பலகை வந்துவிட்ட தோட்டம். என்னோடு படித்த நண்பரின் அத்தை அங்கே லயத்தில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். பால் வெட்டி, புல் வெட்டி, பிள்ளைகளைக் கரையேற்றியவர். அடுத்த மாதம் எல்லாரும் காலி செய்ய வேண்டும். சிலருக்கு டவுனில் அடுக்குமாடி வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது, சிலருக்கு இன்னும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "இடிக்கறதுக்கு முன்னாடி வந்து ஒரு போட்டோ புடிச்சுக் குடுத்துட்டுப் போகச் சொல்லுப்பா அந்தத் தம்பிய" என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தார்.

கைத்தொலைபேசியில் பேரப்பிள்ளைகள் எத்தனையோ எடுத்திருந்தார்கள். ஒன்றிலும் லயம் முழுசாக இல்லை என்பது அவருடைய குறை. காரணம் எளிது. இரண்டு லயங்கள் எதிரெதிரே, நடுவே வாய்க்காலோடு சேர்த்து இருபது அடி இடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதடி என்பது ஏறக்குறைய 6 மீட்டர். அந்தத் தூரத்தில் 80 மில்லிமீட்டர் லென்ஸ் 4.2 மீட்டர் அகலம் காட்டும். ஒரு வாசல், அடுத்த வீட்டின் பாதி ஜன்னல், அவ்வளவுதான். 55 போட்டால் 6.1 மீட்டர். அந்த 38 மில்லிமீட்டர் பயகான் கையில் இருந்தாலும் 8.8 மீட்டருக்கு மேல் இல்லை. பத்து வாசல் கொண்ட லயத்தை எதிரே நின்று எந்தக் காமிராவும் விழுங்காது. ஆகையால் லயத்தின் ஓரத்துக்குப் போய், முதல் வீட்டுத் திண்ணைப் பக்கம் நின்று, நீளவாக்கில் பார்த்தேன். பத்து வாசலும் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியில் முனீஸ்வரர் சந்நிதியின் சூலமும் வந்துவிட்டன.

இரட்டைக் கண் காமிராவில் ஒரு நன்மை உண்டு. எடுப்பவன் மட்டும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரகசியமாகப் பார்ப்பதில்லை. மேல் மூடியைத் திறந்தால் காட்சி சினிமா போலக் கண்ணாடியில் விழும், யாரும் குனிந்து பார்க்கலாம். இடது வலது மட்டும் மாறித் தெரியும். அத்தை குனிந்து பார்த்தார்.

"நம்ம வீடு எங்க தம்பி?"

"கடைசிக்கு முந்தினது அத்தை. இதோ."

"மொதோ வீட்டுக்காரன் வாசல இம்மாம் பெருசா போட்டுட்டு, என் வீட்ட கடுகாட்டம் போட்டிருக்கியே!"

என்ன செய்ய? வைட் லென்ஸின் குணம் அத்தைக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அந்தப் படத்தை ஊருக்கு என்று எடுத்துவிட்டு, அவருடைய வீட்டுக்குள் போனோம்.

அடுப்படி. விறகடுப்பு, புகை ஏறிய பலகைச் சுவர், சாமிப் படம் வைத்த தட்டு, பின்வாசல், வாசலுக்கு அப்பால் மாமரம். முக்காலியை மூலையில் ஒடுக்கி வைத்து 55-ல் பார்த்தால் எல்லாமே வந்துவிட்டது. எனக்குத் திருப்தி. அத்தை மறுபடி குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இது என்ன தம்பி, சொவரு அம்மாந்தூரம் போகுது? இது என் வீடா, தொர பங்களாவா? இந்த அடுப்படியில ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு வெளிய போவணும். எட்டுப் பேரு தின்னு தூங்குன எடம் இது. பாக்கறவன் சொகமா இருந்தோம்னு நெனச்சுக்குவான்."

வாசகர்களே, வீடு விற்பவர்கள் பத்திரிகையில் போடும் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பத்தடி அறை கல்யாண மண்டபம் போல இருக்கும். எல்லாம் இந்த லென்ஸின் உபயம்தான். மூலையில் நின்று வெறும் அறையை எடுத்தால் அளவு தெரியாது, அது பாட்டுக்கு விரிந்துகொண்டே போகும். அளவு தெரிய ஓர் ஆள் வேண்டும். ஓரத்தில் அல்ல, நடுவில். ஓரத்தில் நிறுத்தினால் முகம் பக்கவாட்டில் இழுபடும். பருமனான உறவினர்களைக் குடும்பப் படத்தின் கோடியில் நிறுத்திப் பாருங்கள், அடுத்த தீபாவளிக்கு அவர்கள் வீட்டு முறுக்கு உங்களுக்கு வராது.

"அப்படின்னா நீங்களே உட்காருங்க அத்தை" என்றேன். மணைப் பலகையைப் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டினார். கால் அடுப்புக் கல்லைத் தொட்டது. அறையின் அகலம் அவ்வளவுதான் என்பது யாருக்கும் புரியும். மறுபடி எழுந்து வந்து, பேத்தியை அதே இடத்தில் உட்கார வைத்து, காமிராவில் பார்த்துச் சரி என்று தலையாட்டிய பிறகுதான் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

உள்ளே வெளிச்சம் போதாது. 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளை எச்பி5 பிலிம், துவாரம் எஃப் 8-க்கு மீட்டர் 2 வினாடி காட்டியது, இரண்டரை கொடுத்தேன். நேரம் நீள நீளப் பிலிம் சோம்பல் படும், ஆகவே கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லாத அடுப்படியையும் ஒன்று எடுத்தேன். அதற்குத் துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கினேன், மாமரம் வரை தெளிவாக விழ வேண்டுமே. மீட்டர் 8 வினாடி சொன்னது, நான் கொடுத்தது 15. முதல் படத்தில் மாமரம் கொஞ்சம் மங்கல். அத்தை ஆடவே இல்லை. பின்வாசலில் நின்ற கோழிதான் இரண்டு தலையோடு விழுந்திருக்கிறது.

கடைசிப் படம் முனீஸ்வரர் சந்நிதி முன்னால் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து. இதற்கு வைட் வேண்டாம் என்று 80-ஐ மாட்டிச் செம்பனை வரிசைக்குள் பின்னால் போய் நின்றேன். நாற்பத்தொரு பேர். முகங்கள் சிறியவைதான், ஆனால் பிலிம் பெரிது. அச்சுப் போட்டுப் பார்த்தபோது ஒவ்வொருவரும் தெரிந்தார்கள்.

படங்களைக் கொண்டு போனபோது லயம் காலியாகத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு ஒரு படம் என்று சொல்லியிருந்தேன், யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் குடும்பப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். அத்தை, தாம் உட்கார்ந்திருக்கும் படத்தைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அதைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, வெறும் அடுப்படிப் படத்தைக் கேட்டார். "பெருசா தெரியுதுன்னு சொன்னீங்களே அத்தை" என்றேன். "எனக்குத்தான் தெரியுமே தம்பி, எம்மாஞ்செறுசுன்னு. எனக்கு இது போதும்" என்றார்.

நீங்களும் இப்படி ஒரு பெட்டியைத் தேடி வாங்குவதாக இருந்தால் இரண்டு வார்த்தை. பழைய லென்ஸை வாங்குமுன் பின்பக்கம் கைவிளக்கு அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல இழை ஓடியிருந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் பீரோவுக்குள் துணிமணியோடு வைத்த லென்ஸ் சீக்கிரமே பூத்துவிடும். தோல் உறையில் போட்டு வைப்பதும் கூடாது, தோல் ஈரம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், மணிகளை அவ்வப்போது வறுத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

பத்து காஜாவுக்கு ஈப்போவிலிருந்து அரை மணி நேரப் பயணம். கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது, உச்சி வெயிலில் வளைவுகளுக்குள் நிழலும் வெளிச்சமும் பிலிமுக்கு அடங்காமல் போகும். கோயிலுக்குப் போகிறவர்கள் நடை திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அந்தப் பக்கத்தில் உறவினர் யாராவது இன்னும் லயத்தில் இருந்தால், இரண்டாவது சுருளை மறந்துவிடாதீர்கள்.